ஃபைட்டர் மீனும் ஏழுகிணத்துத் தண்ணியும்

கலர் மீன் கடையில நுழைஞ்சதும் கல்லா பக்கத்துல ஒரு அலமாரி இருக்கும், பாத்திருப்பீங்க. நீலக் கலர்ல ஒரு புட்டி, மஞ்சள்ல ஒண்ணு, பச்சையில ஒண்ணு. "மீனுக்கு உடம்பு சரியில்லண்ணே"ன்னு சொன்னா போதும். என்ன ஏதுன்னு கேள்வியே கிடையாது, நீலப் புட்டி கைக்கு வந்துடும். வடசென்னையில ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் இதுதான் வைத்தியம். அந்தப் புட்டிக்குள்ள இருக்கிறது எங்கேருந்து வந்துச்சு, அந்த மீன் எங்கேருந்து வந்துச்சு, நாம தொட்டியில ஊத்துற தண்ணி எங்கேருந்து வருதுன்னு தோண்டிக்கிட்டே போனதுல ஒரு நோட்டுப் புத்தகம் ரொம்பிடுச்சு. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல மீனுடைய ஜாதகம். நாம ஃபைட்டர்னு கூப்பிடுறதுக்கு ஊர் சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து. 2022ல் வெளியான மரபணு ஆய்வு ஒண்ணு, மனுசன் இதை வளர்க்க ஆரம்பிச்சு குறைஞ்சது 400 வருசம் ஆகுதுன்னு சொல்லுது. 400 வருசம் முன்னாடி சென்னப்பட்டணமே கிடையாது, புனித ஜார்ஜ் கோட்டைக்கு மண்ணே தோண்டலை! அந்தக் காலத்துலேயே சண்டைக்காக இந்த மீனைப் பொறுக்கி எடுத்து வளர்த்திருக்காங்க.

வெளி உலகத்துக்கு இதைப் பத்தி எழுதினவர் தியோடர் கேன்டர். டென்மார்க்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள மருத்துவப் பிரிவுல டாக்டர். சயாம் மன்னர் கொடுத்த மீன்கள் சில 1840 வாக்குல கைமாறி இவர்கிட்ட வந்து சேர்ந்துச்சுன்னு சொல்றாங்க. சயாம்ல மீன் சண்டை நடத்தும் உரிமையைக் குத்தகைக்கு விட்டிருக்காங்க, மன்னர் கஜானாவுக்கு அதுல நல்ல வரும்படின்னு எழுதி வெச்சிருக்கார் கேன்டர். (நம்ம ஊர் சேவக்கட்டுக்கு எந்த ராசாவும் இப்படி யோசிக்கலை போல!) ஆனா அவர் வெச்ச பேர் பினாங்குல இருக்கிற வேற ஒரு சொந்தக்கார மீனுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு. லண்டன்ல டேட் ரீகன் அந்தக் குழப்பத்தைப் பிரிச்சு, 1910ல் 'பெட்டா ஸ்ப்ளென்டென்ஸ்'னு தனிப் பேர் கொடுத்தார். தாய்லாந்து அரசாங்கம் 2019 பிப்ரவரியில இதைத் தேசிய நீர்வாழ் உயிரினம்னு அறிவிச்சாச்சு.

அப்போ இது முழுக்க வெளியூர்க்காரனா? அங்கதான் எனக்கு சுவாரசியமே ஆரம்பிச்சது. ஃபைட்டருடைய விசேஷம் அதன் தலைக்குள்ள, செவுளுக்கு மேல இருக்கிற மடிப்பு மடிப்பான ஒரு உறுப்பு. தண்ணிக்கு மேல வாயை நீட்டிக் காத்தை முழுங்கி, அதுல இருந்து பிராணவாயுவை எடுத்துக்கும். இந்த ஜாதிக்கு நம்ம ஊர்ப் பிரதிநிதி பனையேறிக் கெண்டை. 1791ல் தரங்கம்பாடியில டென்மார்க் கம்பெனியின் லெப்டினன்ட் டால்டார்ஃப், குளத்தோரம் இருந்த பனைமர வெடிப்புல, தண்ணிக்கு அஞ்சடி உயரத்துல ஒரு மீன் ஏறிக்கிட்டிருந்ததைப் பிடிச்சதா எழுதினார். 1797ல் லண்டன் லின்னேயன் சங்கத்து வெளியீட்டுல அது அச்சாச்சு. பின்னாடி வந்தவங்க, அதெல்லாம் பருந்தோ காக்காவோ தூக்கிட்டுப் போய் மரத்துல வெச்சிருக்கும்னு சொல்லிட்டாங்க. தமிழன் பேர் வெச்சது வெச்சதுதான்.

இன்னொருத்தர் இன்னும் நெருக்கம். பாண்டிச்சேரி பக்கம் அரியாங்குப்பம் ஆத்துல இருந்து போன ஒரு குட்டி மீனுக்கு 1831ல் பாரிஸ்ல பேர் வெச்சாங்க, 'குப்பானஸ்'னு. குப்பானஸ் வேற எதுவும் இல்லீங்க, அரியாங்குப்பத்துல இருக்கிற அந்தக் 'குப்பம்'தான்! இதுவும் காத்தை முழுங்கும், நுரையில கூடு கட்டும், அப்பன்தான் முட்டையைக் காவல் காக்கும். ஃபைட்டருக்கு ஒண்ணுவிட்ட தம்பி. வயக்கால், குட்டை, ஓடைன்னு கரையோரத் தமிழ்நாட்டுல கிடைக்கிற மீன். பளபளப்பு கம்மிங்கிறதால கடைக்கு வரலை, அதனால தப்பிச்சுது.

இந்தக் காத்து முழுங்கும் உறுப்புதான் ஃபைட்டருக்கு வரம், அதுவே சாபமும். தங்கமீனை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல அடைச்சா சாயங்காலமே மிதக்கும். ஃபைட்டர் மிதக்காது. மூச்சுக்கு வழி இருக்கு, அதனால சாகாது. அதை வெச்சு "இதுக்கு ஒரு டம்ளர் தண்ணி போதும்"னு ஒரு முடிவுக்கு வந்துட்டோம். எங்க தலைமுறைப் பசங்க ஹார்லிக்ஸ் பாட்டில்ல வளர்த்தாங்க. ரெண்டு பாட்டிலைப் பக்கத்துல வெச்சு நடுவுல ஒரு அட்டை. அட்டையை உருவினா ரெண்டும் செவுளை விரிச்சு நிக்கும், அதுக்குப் பந்தயம் வேற. ஆனா அந்தத் தண்ணிக்குள்ள ஊறிக்கிட்டே இருக்கிற விஷத்துக்கு அந்த உறுப்பு ஒண்ணும் பண்ணாது. தோலு, செவுளு, சிறுநீரகம் எல்லாம் வெந்துபோகும். மத்த மீன் ஒரே நாள்ல செத்துப்போய் நமக்குத் தகவல் சொல்லிடும். இது மூணு மாசம் தாங்கும். 'திடீர்னு' உடம்பு சரியில்லாம போற ஃபைட்டர்ல முக்கால்வாசிக்கு அது திடீர் இல்லைங்கிறது என் அபிப்பிராயம்.

கண்ணாடித் தொட்டியில மீனை உயிரோட வெச்சிருக்க முடியும்னு ஐரோப்பாவே கண்டுக்கிட்டது 1850 வாக்குலதான். லண்டன் மிருகக்காட்சி சாலையில 1853ல் மீன் வீடு திறந்தாங்க. நம்ம மெட்ராஸ் ஒண்ணும் பின்தங்கலை. இந்தியாவுலேயே முதல் காட்சி மீனகம் 1909ல் மெரினாவுல திறந்தது. முயற்சி எடுத்தவர் எழும்பூர் அருங்காட்சியகத்துக் கண்காணிப்பாளரா இருந்த எட்கர் தர்ஸ்டன். 1919ல் மீன்துறை கைக்குப் போச்சு, இரண்டாம் உலகப்போர் சமயத்துல மூடினாங்க. கலர் மீனை வீட்டுக்கு வாங்கிட்டுப் போகணும்னா மூர் மார்க்கெட். 1900ல் கட்டின அந்தச் செங்கல் கட்டடத்துல பழைய புத்தகம், கிராமபோன், கிளி, புறா, மீன் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. 1985 மே மாசம் எரிஞ்சு போச்சு. பிற்பாடு மீன் யாவாரத்துக்குத் தலைநகரம் கொளத்தூர். ஃபைட்டரைத் தனித்தனிக் கவர்ல கட்டி வரிசையா தொங்கவிட்டிருப்பாங்க, மாலை மாதிரி.

இப்போ தண்ணி. இதைத்தான் எழுதணும்னு உக்காந்தேன்.

மெட்ராஸுக்கு முதல் ஒழுங்கான குடிநீர்த் திட்டம் வடசென்னையிலதான், 1772ல். கோட்டைக்குத் தண்ணி வேணும்னு ஜார்ஜ் டவுனுக்கு வடக்குப் பக்கம் கிணறு தோண்டினாங்க. பத்துல ஏழுதான் உருப்படியா ஊறிச்சு, அதான் ஏழுகிணறு. ஒரு நாளைக்கு சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் கேலன். அப்புறம் 1872ல் செங்குன்றத்து ஏரித் தண்ணி கால்வாய்ல கீழ்ப்பாக்கத்துக்கு வந்துச்சு. வடிகட்டாத தண்ணி! 1914ல்தான் கீழ்ப்பாக்கத்துல மணல் வடிகட்டி வந்தது. 2010ல் மீஞ்சூருக்குப் பக்கத்துல காட்டுப்பள்ளியில நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல் தண்ணியைக் குடிநீராக்குற ஆலை ஓட ஆரம்பிச்சு, வடசென்னைப் பக்கம் கடலையே குழாய்ல குடிக்க ஆரம்பிச்சோம்.

இதுக்கும் மீனுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்டா, சம்பந்தமே அதுதான். திருவொற்றியூர்ல ஒரே தெருவுல நாலு தண்ணி இருக்கும். குழாய்த் தண்ணி, போர் தண்ணி, லாரித் தண்ணி, கேன் தண்ணி. குழாய்ல குளோரின். போர்ல உப்பு, கடினத்தன்மை. லாரி எந்த ஊர்க் கிணத்துல இருந்து வருதோ லாரிக்காரருக்கே வெளிச்சம். கேன் தண்ணியில தாது உப்பு வழிச்சு எடுத்திருப்பாங்க, அமில-காரத்தன்மை ஒரு இடத்துல நிக்காது. நம்ம நாக்குக்கு எல்லாம் தண்ணி. மீனுக்கு ஒவ்வொண்ணும் ஒரு தேசம். 2019 கோடையில செங்குன்றமும் சோழவரமும் வறண்டு கிடந்தப்போ வாரத்துக்கு ஒரு தண்ணி வந்துச்சு, கேக்கவே வேணாம். எந்தத் தண்ணியா இருந்தாலும் ஃபைட்டர் பழகிக்கும். ஒரே நாள்ல மொத்தத்தையும் மாத்துறதுதான் அதுக்குத் தாங்காது.

குளோரின் பெரிய பிரச்சனை இல்லை. வாய் அகலமான பக்கெட்டுல பிடிச்சு ஒரு நாள் திறந்து வெச்சா பெரும்பாலும் பறந்துடும். அவசரம்னா கடையில விக்கிற சொட்டு மருந்து. அதுல இருக்கிறது பல சமயம் சோடியம் தயோசல்ஃபேட், அதாவது ஃபோட்டோ ஸ்டூடியோக்காரங்க ஃபிலிம் கழுவின 'ஹைப்போ'. 1819ல் ஜான் ஹெர்ஷல் அது வெள்ளி உப்பைக் கரைக்கும்னு கண்டுபிடிச்சார், அது இருபது வருசம் கழிச்சு ஃபோட்டோவுக்கு உதவிச்சு. ஸ்டூடியோ இருட்டறைகள் போயே போச்சு, அந்த உப்பு மீன் தொட்டியில பிழைச்சுக்கிட்டு இருக்கு.

பெரிய பிரச்சனை அம்மோனியா. இந்தப் பேரை எண்ணூர்க்காரங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 2023 டிசம்பர் 26 ராத்திரி, பெரியகுப்பம் பக்கத்துல ஒரு உர ஆலைக்குக் கடலுக்கடியில போற குழாய்ல கசிஞ்சு, ஜனங்க தூக்கத்துல இருந்து எழுந்து கண்ணெரிச்சலோட ஓடினாங்க. நிறைய பேர் ஆஸ்பத்திரியில. கரையோரம் மீன் செத்து ஒதுங்கிச்சு. அதே மாசம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் பூசிட்டுப் போன காயமே ஆறலை. அது ஊரறிஞ்ச சமாச்சாரம். அதே வாயு, அளவுல மட்டும் சின்னதா, ஒவ்வொரு கண்ணாடிக் கிண்ணத்துலயும் தினம் கசியுது. மீன் செவுள் வழியா விடுறதும், கழிவும், திங்காம அடியில கிடக்கிற தீனியும் சேர்ந்து அம்மோனியா. ஆத்துலயும் குட்டையிலயும் அதைத் தின்னு தீர்க்கிற பாக்டீரியா இருக்கு. 1890ல் ரஷ்யாக்காரர் வினோகிராட்ஸ்கி அதைப் பிரிச்சுக் காட்டினார். அது ஒட்டிக்கிட்டு வாழ இடம் வேணும், வந்து நிலைக்க நாலஞ்சு வாரம் வேணும். கழுவிக் கழுவி வெக்கிற கிண்ணத்துல அது எங்க குடியிருக்கும்?

இதுல இன்னொரு சூட்சுமம். அம்மோனியாவுல பெரிய விஷம் ஒரு வடிவம், அவ்வளவா விஷமில்லாதது இன்னொரு வடிவம். எது எவ்வளவுங்கிறதைத் தண்ணியின் காரத்தன்மை முடிவு பண்ணும். பிஎச் 7ல இருந்து 8க்கு ஏறினா விஷ வடிவம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. சூடு ஏற ஏற அதுவும் கூடும். காரமான போர் தண்ணி, மே மாச வெயில், ஒன்றரை லிட்டர் கிண்ணம்... கணக்கை நீங்களே போட்டுக்குங்க.

எங்க அக்கா பொண்ணு தண்டையார்பேட்டையில இருக்கா, எட்டாவது படிக்கிறா. போன வருசம் ஒரு நாள் போன். "மாமா, சிவா அடியிலயே படுத்துக்கிட்டு இருக்கான். செட்டையெல்லாம் மடக்கிக்கிட்டான். சாப்பிட மாட்டேங்குறான்." சிவாங்கிறது மீன். நீலப் புட்டி ஏற்கனவே வாங்கியாச்சாம். "அதைத் திறக்காதடா கண்ணு, நான் வரேன்"னு சொல்லிட்டுப் போனேன். உடம்புல வெள்ளைப் புள்ளி இல்லை, செதில் தூக்கலை, வயிறு உப்பலை. செட்டை ஓரம் மட்டும் கருகின மாதிரி அரிச்சிருந்துச்சு. சோதனைச் சொட்டை விட்டா அம்மோனியாவுக்குக் குழாய் கரும்பச்சையா மாறுது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மொத்தத் தண்ணியும் மாத்தி, கூழாங்கல்லைச் சோப்பு இல்லாம தேய்ச்சுக் கழுவி, அவ்ளோ பொறுப்பா வளர்த்திருக்கா அந்தப் பொண்ணு. அந்தப் பொறுப்புலயே பாக்டீரியா வாராவாரம் காலி.

மருந்து எதுவும் போடலை. பழைய பதினஞ்சு லிட்டர் டப்பா ஒண்ணு, மேல வலை மூடி (ஃபைட்டர் எகிறிக் குதிக்கும், ஜாக்கிரதை). எங்க வீட்டுத் தொட்டியில ஓடிக்கிட்டிருந்த ஸ்பான்ஜ் ஃபில்டர்ல ஒண்ணை ஈரத்தோட கொண்டுபோய் மாட்டினேன், அதுல பாக்டீரியா ரெடிமேடா இருக்கும். கிண்ணத்துத் தண்ணியோட புதுத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஒரு மணி நேரம் கலந்து மீனை மாத்தினோம். தினம் கால்வாசித் தண்ணி, முந்தின நாளே பிடிச்சு வெச்சது. 10 லிட்டருக்கு 10 கிராம் கல்லுப்பு கரைச்சு ஒரு வாரம் மட்டும். ரெண்டு நாள் பட்டினி. மூணாம் நாள் கொசுப்புழு ரெண்டு போட்டோம், ஒண்ணைத் தின்னு ஒண்ணைத் துப்பினான். ஒன்பதாம் நாள் கண்ணாடியைக் காட்டினா செவுளை விரிச்சுக்கிட்டு வரான்! அக்கா வீட்டுக்காரர் "இவனுக்கு இருக்கிற மரியாதை எனக்கில்ல"ன்னு போயிட்டார்.

அதுக்காக நீலப் புட்டி மோசம்னு சொல்ல வரலை. அதுக்கும் ஒரு கதை இருக்கு. மெத்திலின் நீலம் 1876ல் ஜெர்மனியில ஹைன்ரிஷ் காரோ துணிச்சாயமா உருவாக்கினது. 1891ல் பெர்லின்ல பால் எர்லிக்கும் குட்மனும் மலேரியா நோயாளிங்களுக்கு அதைக் கொடுத்துப் பாத்தாங்க. ஆய்வுக்கூடத்துல உருவான ஒரு செயற்கைப் பொருளை நோய்க்கு மருந்தாக் கொடுத்ததுல முன்னோடி அது. அதே 1876ல் பிரான்ஸ்ல பூகே என்பவர் மீன் உடம்புல வெள்ளைப் புள்ளி போடுற ஒட்டுண்ணிக்குப் பேர் வெச்சார். சாயமும் நோயும் ஒரே வருசத்துல பேர் வாங்கி, பின்னாடி நம்ம தொட்டியில சந்திச்சுக்கிட்டது ஒரு விதி. அந்த வெள்ளைப் புள்ளிக்குள்ள இருக்கிற பூச்சியை எந்த மருந்தும் தொடாது, அது தோலுக்கு அடியில இருக்கு. முத்தி உதிர்ந்து, குட்டி போட்டு, அந்தக் குட்டிங்க நீந்துற நேரம்தான் மருந்துக்கு ஆப்படும். நம்ம ஊர் வெப்பத்துல ஒரு சுத்து சில நாள்ல முடிஞ்சுடும். அதனால புள்ளி மறைஞ்சவுடனே மருந்தை நிறுத்தினா அடுத்த வாரம் இரட்டிப்பா வரும். பத்து நாள் விடாம கொடுக்கணும், தனி பக்கெட்டுல கொடுக்கணும், ஏன்னா நீலம் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும்.

டார்ச் அடிச்சா உடம்புல தங்கப்பொடி தூவின மாதிரி மின்னுச்சுன்னா அது வேற பூச்சி. அதுக்கு வெளிச்சம் தேவை, தொட்டியைத் துணி போட்டு மூடி இருட்டாக்கினாலே பாதி பலம் போயிடும். செதிலெல்லாம் தூக்கி அன்னாசிப்பழம் மாதிரி ஆச்சுன்னா சிறுநீரகம் போயிடுச்சுன்னு அர்த்தம், பெரும்பாலும் திரும்பாது. மெடிக்கல் ஷாப்ல டெட்ராசைக்ளின் வாங்கிப் பொடி பண்ணிப் போடுற பழக்கம் இருக்கு பாருங்க, அதை விட்டுடுங்கப்பா. நோய்க்கும் கேக்காது, மிச்சம் போற சாக்கடையில கிருமி எல்லாம் மருந்தைப் பழகிக்கும்.

பாதாம் இலை? தாய்லாந்துல சண்டை மீனுக்குக் காலங்காலமா போடுறது. நம்ம தெருவுல நிழலுக்கு நிக்குதே அந்த நாட்டு பாதாம், அதே மரம். காய்ஞ்சு தானா விழுந்த இலை ஒண்ணைக் கழுவிப் போட்டா தண்ணி டீத்தண்ணி மாதிரி ஆகும், லேசா அமிலமாகும், கிருமியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். மருந்துன்னு சொல்ல மாட்டேன், கஞ்சி மாதிரின்னு வெச்சுக்குங்க. ஆனா மணலி பக்கம் ஆலை ஓரத்து மரத்துல இருந்து நான் பொறுக்க மாட்டேன், இலை மேல என்ன படிஞ்சிருக்குமோ.

கடைசியா ஒண்ணு, இது மீனுக்கு இல்லை, உங்களுக்கு. மீனுக்கும் காசநோய் உண்டு. 1926ல் அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா மீனகத்துல செத்த கடல் மீன்கள்ல இருந்து ஆரன்சன் பிரிச்செடுத்த கிருமி அது, மனுசக் காசநோய்க் கிருமிக்குச் சொந்தம். ஃபைட்டருக்கு வந்தா மாசக்கணக்குல இளைச்சுக்கிட்டே போகும், முதுகு வளையும், புண் வரும். கையில வெட்டுக்காயத்தோட அந்தத் தண்ணியில கை விட்டா விரல்ல, முழங்கையில ஆறாத கட்டியா வரும். நுரையீரலுக்குப் பொதுவா போகாது, ஆனா மாசக்கணக்குல மாத்திரை. காயம் இருந்தா கையுறை போட்டுக்குங்க, டாக்டர்கிட்ட போனா "மீன் வளர்க்கிறேன்"னு மறக்காம சொல்லுங்க, சொல்லலைன்னா அவருக்குத் தோணவே தோணாது. செத்த மீனைப் பக்கிங்காம் கால்வாய்ல வீச வேணாம், செடித்தொட்டியில ஆழமாப் புதைச்சுடுங்க. உயிரோட இருக்கிறதையும் குட்டையில விட்டுடாதீங்க, அங்க குப்பானஸ் இருக்கலாம்.